முதல் இடத்தில் அப்பா

சி மொழியில் கிளாஸும் கிடையாது, மரபுரிமையும் கிடையாது. ஆனால், ஸ்ட்ரக்டின் முகவரியும் அதன் முதல் உறுப்பின் முகவரியும் ஒன்றே என்று மொழியின் தரநிலை உறுதி தருகிறது. இந்த ஒரு வரியை நம்பிப் பெரிய குடும்பங்களையே நடத்தியிருக்கிறார்கள். அப்பா ஸ்ட்ரக்டைப் பிள்ளையின் முதல் உறுப்பாக வைத்துவிட்டால், பிள்ளையின் பாயிண்டரை அப்பாவுடையதாகக் காஸ்ட் செய்து எங்கும் அனுப்பலாம்.

பைத்தானின் உள்ளே பாருங்கள். எண்ணோ பட்டியலோ அகராதியோ, எல்லாம் அடியில் சி ஸ்ட்ரக்ட்தான். வழக்கமான 64 பிட் பில்டில் தலைமாட்டில் 16 பைட்: எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை, என்ன வகை என்று காட்டும் பாயிண்டர். அதற்குப் பிறகுதான் அவரவர் சொத்து.

லினக்ஸ் கெர்னல்காரர்களுக்கு முதல் இடம்கூட வேண்டாம். ‘கன்டெய்னர் ஆஃப்’ என்ற மேக்ரோ, நடுவில் பதிந்த உறுப்பின் முகவரியிலிருந்து அது தள்ளியிருக்கும் தூரத்தைக் கழித்து வெளி ஸ்ட்ரக்டின் தலையைத் தொட்டுவிடும். வெறும் கழித்தல் கணக்கு! எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

ஒருமுறை அவசரத்தில் அப்பாவுக்கு மேலே ஒரு இன்ட்டைச் சொருகிவிட்டேன். காஸ்ட் இருந்ததால் கம்பைலர் வாயே திறக்கவில்லை. பெயர் அச்சாக வேண்டிய இடத்தில் குப்பை கொட்டியது.