பள்ளி மாணவரின் ஆய்வு: கேள்வி யாருடையது?

2022-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், செயின்ட் மேரிஸ் அகாடமி என்னும் பெண்கள் பள்ளியில் ஒரு கணிதப் போட்டி வைத்தார்கள். அதில் ஒரு கூடுதல் கேள்வி: பிதாகரஸ் தேற்றத்துக்கு முக்கோணவியலைக் கொண்டு புதிய நிரூபணம் தர முடியுமா? பரிசு 500 டாலர். முக்கோணவியலின் பல சூத்திரங்கள் அந்தத் தேற்றத்தின் மேல்தான் நிற்கின்றன. அவற்றை எடுத்தாண்டால், நிரூபிக்க வேண்டியதை முன்கூட்டியே உண்மை என்று கொண்டதாகிவிடும். அங்கே படித்த கால்சியா ஜான்சன், நெகியா ஜாக்சன் என்ற இரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் அந்தச் சிக்கலோடு மாதக்கணக்கில் போராடினார்கள். 2023 மார்ச்சில் அட்லாண்டாவில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் தங்கள் நிரூபணத்தை முன்வைத்தார்கள். 2024 அக்டோபரில் அது ‘அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மந்த்லி’ இதழில் கட்டுரையாக வந்தது.

இதுவரை யாருமே செய்யாதது என்று செய்தித்தாள்கள் எழுதியது மிகை. ஜேசன் ஸிம்பா என்பவர் 2009-லேயே அப்படி ஒரு நிரூபணம் தந்திருக்கிறார். அதனால் இந்த மாணவிகளின் உழைப்பு சிறுத்துவிடவில்லை. ஆய்வுக்கூடமோ கட்டண வழிகாட்டியோ இல்லாமல், விடை தெரியாத ஒரு கேள்வியோடு பல மாதம் உட்கார்ந்திருந்தார்கள். பாடப்புத்தகக் கணக்குக்கு எங்கோ ஒரு விடை இருக்கிறது என்பது மாணவருக்குத் தெரியும். அந்த உறுதி இல்லாமல் வேலை செய்யப் பழகுவதுதான் ஆய்வு தரும் முதல் பயிற்சி என்று கருதுகிறேன்.

இந்தப் பயிற்சிக்கு அமெரிக்காவில் நீண்ட மரபு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பினருக்கான ‘சயின்ஸ் டேலண்ட் சர்ச்’ போட்டி 1942-இல் தொடங்கியது. தனி ஆளாகத்தான் ஆய்வைச் சமர்ப்பிக்க வேண்டும். 300 பேரைத் தேர்ந்து, அவர்களிலிருந்து 40 பேரை வாஷிங்டனுக்கு அழைக்கிறார்கள். பின்னாளில் நோபல் பெற்ற ஷெல்டன் கிளாஷோ, ரோல்ட் ஹாஃப்மன், ஃபிராங்க் வில்செக் ஆகியோர் இந்தப் போட்டியின் வழியே வந்தவர்கள். நேர்காணலில் நடுவர்கள் மாணவரின் ஆய்வோடு நிற்காமல், அதற்குத் தொடர்பில்லாத அறிவியல் கேள்விகளையும் கேட்கிறார்கள். ஆய்வு எவர் தயவில் முடிந்திருந்தாலும், யோசிக்கத் தெரிந்த பிள்ளை எது என்பது அங்கே வெளிப்பட்டுவிடும். இன்று முதல் பரிசு 2,50,000 டாலர்.

பரிசும் பெயரும் பெருகிய இடத்தில் வியாபாரமும் நுழைந்துவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் கட்டாயமாகக் கேட்பதைக் கொரோனா காலத்தில் நிறுத்தின. விண்ணப்பத்தில் வேறு எதையாவது காட்டியாக வேண்டிய நெருக்கடி கூடியது. ஆயிரக்கணக்கான டாலர் கட்டணத்துக்கு ஒரு வழிகாட்டியை அமர்த்தித் தந்து, கட்டுரையை ஏதேனும் ஓர் இதழில் வெளியிடவும் உதவும் நிறுவனங்கள் வளர்ந்ததை 2023-இல் ‘ப்ரோபப்ளிக்கா’ என்னும் புலனாய்வுச் செய்தி நிறுவனம் விரிவாக வெளிக்கொணர்ந்தது. பள்ளி மாணவர்களின் கட்டுரைகளுக்கென்றே தொடங்கிய இதழ்களும், எளிதாக ஏற்றுக்கொள்ளும் இதழ்களும் அந்தச் சங்கிலியில் சேர்ந்திருந்தன.

பேராசையை மட்டும் குறை சொன்னால் போதாது. காலண்டரையும் பார்க்க வேண்டும். முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்குப் பல கல்லூரிகளில் கடைசித் தேதி நவம்பர் 1. அதற்கு முன் மாணவருக்குக் கிடைப்பது ஒரு கோடை விடுமுறை. கேள்வியைக் கண்டுபிடித்து, தரவு திரட்டி, தவறைத் திருத்தி, எழுதி, இதழின் ஒப்புதலும் பெற அந்தப் பத்து வாரம் எப்படிப் போதும்? அதனால் கேள்வியையே யாரோ தயாராகக் கொடுத்துவிடுகிறார்கள். ஆய்வில் மிகக் கடினமானதும் மிக இனிமையானதுமான பகுதி அது. அது பிள்ளையின் கைக்கு வருவதே இல்லை. எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்று நேர்மையாக எழுதும் துணிவுக்கும் அங்கே இடமில்லை. இந்த இழப்பை நான் பண விரயத்தைவிடப் பெரிதாக எண்ணுகிறேன்.

அப்படியானால் வழிகாட்டியே கூடாதா? கூடும், வேண்டும். 2025-இல் ‘சயின்ஸ் டேலண்ட் சர்ச்’ போட்டியில் முதல் பரிசு வென்ற மேட்டியோ பாஸ், பாசடீனா நகரின் பொதுப் பள்ளி மாணவர். நாசாவின் நியோவைஸ் தொலைநோக்கி திரட்டிய தரவைச் செயற்கை நுண்ணறிவால் சலித்து, ஒளி மாறும் வான்பொருள்களாக இருக்கக்கூடிய 15 லட்சத்தை அடையாளம் கண்டார். அதே ஊரின் கால்டெக் பல்கலைக்கழக வானியலாளர் டேவி கிர்க்பேட்ரிக் அவருக்குத் துணையாக இருந்தார். கால்டெக் பக்கத்தில் இருந்தது அந்த மாணவரின் நல்வாய்ப்பு. ஊரில் பல்கலைக்கழகம் இல்லாத பிள்ளைக்கு அப்படி ஒருவர் எங்கிருந்து வருவார்? பள்ளி ஆசிரியர்தான் வர வேண்டும். தினம் ஐந்து வகுப்பு எடுப்பவருக்கு அதற்கு நேரம் ஏது? போட்டியில் தேர்வாகும் 300 பேருக்குத் தலா 2,000 டாலர் தரும்போது, அவர்களுடைய பள்ளிக்கும் அதே தொகையைத் தருகிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் அது தேறிய பிறகு வரும் பணம். தேறுவதற்கு முன்பே ஆசிரியருக்கு வாரம் சில மணி நேரம் ஒதுக்கும் பள்ளிகளில்தான் ஆய்வுப் பழக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டும்.

கல்லூரிகளும் பிரசுரமான கட்டுரைக்கு மதிப்புத் தருவதை விட்டுவிட்டு, அழித்தும் திருத்தியும் எழுதிய ஆய்வுக் குறிப்பேட்டைக் கேட்கலாம். குறிப்பேட்டைப் புரட்டினால் உழைத்தது யார் என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் பதினோராம் வகுப்புப் பிள்ளையை வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வழிகாட்டி நிறுவனத்துக்குப் பணம் கட்டும் முன், ஒரு நாள் சாயங்காலம் பிள்ளையோடு உட்கார்ந்து, ‘உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்னு ஆசை?’ என்று கேளுங்கள். பதில் வர ஒரு மாதம் ஆனாலும் காத்திருங்கள்.