குனியாமல் நகம் வெட்ட முடியுமா?

முதுகில் டிஸ்க் பிதுங்கியவர், முட்டி தேய்ந்தவர், இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர், நிறைமாதக் கர்ப்பிணி, முடக்குவாதத்தில் விரல் மடங்காதவர். இத்தனை பேருக்கும் ஒரு சிக்கல் பொது: தன் கால் நகத்தைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது. டாக்டரிடம் போனால் இதைச் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. வலியைச் சொல்வோம், தூக்கம் வரவில்லை என்போம். நகம் வளர்ந்து செருப்பில் இடிக்கிறது என்று சொல்லக் கூச்சம். அப்படியே விட்டு, நகம் தடித்து, ஓரம் சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்த பிறகுதான் வீட்டில் பேச்சு எழுகிறது.

இதற்கென்றே ஆன்லைனிலும் சர்ஜிக்கல் கடைகளிலும் இப்போது நிறையக் கருவிகள் கிடைக்கின்றன. நீளக் கைப்பிடிக் கத்தரி, இடுக்கி போன்ற நகவெட்டி, பேட்டரியில் ஓடும் நகம் தேய்க்கும் மிஷின், தரையில் ஒட்டும் கால் பிரஷ், களிம்பு தடவ நீளக் குச்சி. இவற்றை வீட்டில் வைத்துச் சில மாதங்கள் பயன்படுத்திப் பார்த்தோம். எனக்கு அடிமுதுகில் டிஸ்க் பிரச்சினை. குனிந்தால் வலது கால் வரை சுரீரென்று இழுக்கும். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்மானம், கை விரல் கணுக்களில் வீக்கம். எனக்குக் கை நன்றாக இருக்கிறது, குனிய முடியாது. அம்மா ஓரளவு குனிவார், கையில் அழுத்தம் கிடையாது. அதனால் ஒவ்வொரு கருவியையும் இரண்டு வகை வலியில் வைத்துப் பார்க்க முடிந்தது. கம்பெனிப் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. ஒரே அச்சில் வார்த்த பொருள் நாலைந்து பெயர்களில் விற்கிறது. வகையைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் நீளக் கைப்பிடிக் கத்தரி. இதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, ஒரு சாண் நீளத்துக்குக் கைப்பிடி நீண்டு, நுனியில் மட்டும் சின்ன அலகு கொஞ்சம் சாய்ந்தாற்போல இருப்பது. இன்னொன்று, முழங்கை நீளத்துக்கும் மேலான குழாயின் முனையில் நகவெட்டி பொருத்தி, மேலே விசையை அழுத்தினால் கீழே வெட்டுவது. விளம்பரத்தில் இரண்டாவதுதான் கண்ணைப் பறிக்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே நகம் வெட்டுவார்.

அந்த நீளக் குழாயை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கைப்பிடி நீளநீளக் கையின் சின்ன நடுக்கம் முனையில் பெரிதாகிறது. அலகு நகத்தில் பதிந்ததா, சதையில் பதிந்ததா என்பது கைக்குத் தெரிவதே இல்லை. கண்ணை மட்டும் நம்ப வேண்டும். ஒரு மீட்டர் தூரத்திலிருந்து சுண்டுவிரல் நகத்தின் ஓரம் எத்தனை பேருக்குத் தெளிவாகத் தெரியும்? கண்புரை உள்ளவருக்கு இது ஆபத்தான பொருள். அம்மா ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு, “இது வேணாம்ப்பா, பயமா இருக்கு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தத் தீர்ப்பே சரி.

ஒரு சாண் கத்தரி வேறு விஷயம். குனிய வேண்டிய தூரத்தில் அது மிச்சப்படுத்துவது கொஞ்சம்தான். ஆனால் முதுகுவலிக்காரருக்கு அந்தக் கொஞ்சம்தான் கணக்கு. காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்தால் என் கை பெருவிரலை எட்டுவதற்குச் சற்று முன்பே வலி தொடங்கும். இந்தக் கத்தரி அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. மெல்லிய நகத்தை நறுக்கென்று வெட்டுகிறது. தடித்த பெருவிரல் நகத்தில் அலகு வழுக்கி விலகுகிறது. அம்மாவின் விரல்களுக்கு அதன் வளையமும் சின்னது, அழுத்தமும் போதவில்லை.

தடித்த நகத்துக்கு இடுக்கி வகைதான். கட்டிங் பிளேயர் போல இருக்கும்; கைப்பிடி நீளம், அலகு குட்டை, நடுவில் ஸ்பிரிங். திருகாணி அலகுக்கு மிக அருகில் இருப்பதால் கை கொடுக்கும் சின்ன அழுத்தம் முனையில் பல மடங்காகிறது. பாதச் சிகிச்சை நிபுணர்கள் கையாளும் கருவியின் வடிவம் இதுதான். விரல்களால் அழுத்தாமல் முழு உள்ளங்கையால் பிடித்து அழுத்துவதால், கணு வீங்கிய அம்மாவுக்கும் வேலை செய்தது. ஒரேயடியாகக் குறுக்கே வெட்டப் பார்த்தால் நகம் பிளந்துவிடும். ஓரத்திலிருந்து எலி கொறிப்பதுபோலத் துளித்துளியாக வெட்டிப் போக வேண்டும். குளித்த பிறகு, நகம் ஊறி இளகியிருக்கும்போது வெட்டினால் பாதி உழைப்பு குறையும். ஆனால் இந்தக் கருவிக்குக் கை பாதம்வரை போக வேண்டும். குனிய முடிந்து, அழுத்த முடியாதவருக்கானது இது. என் போன்றவருக்கு வேறொருவர் வெட்டிவிடும்போது மட்டும் உதவும்.

கருவி வாங்குமுன் தனக்கு எது முடியவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இதற்காகத்தான் சொல்கிறேன். தூரமா, அழுத்தமா, பார்வையா? ‘முதியோருக்கான நகவெட்டி’ என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி வாயை அகலமாக்கிய சாதாரண நகவெட்டிதான். அது அழுத்தத்துக்குக் கொஞ்சம் உதவும். தூரத்துக்கு எதுவும் செய்யாது. முதுகுவலிக்காரர் பணத்தைக் கொட்டி ஏமாறுவது இங்கேதான்.

இனி நகம் தேய்க்கும் மிஷின். எங்கள் வீட்டில் நிலைத்துவிட்ட கருவி இது. ஆயிரம் ரூபாய்க்குள் நல்லது கிடைக்கிறது. தடித்த பேனா அளவு, முனையில் சுழலும் உருளை அரம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், டைப்-சி சார்ஜர். இதிலேயே ஒரு பிளவுக்குள் நகத்தை நுழைத்தால் உள்ளே இருக்கும் உருளை தேய்த்துவிடும் ‘தானியங்கி’ ரகமும் உண்டு. கை நகத்துக்கு அது சுகம். தடித்த கால் நகம் அந்தப் பிளவுக்குள் போகவே போகாது. முனை வெளியே தெரியும் பேனா வகையையே வாங்குங்கள்.

கத்தரி ஒரு நொடி தவறினால் சதை போய்விடும். அரம் தவறினால் தோல் லேசாகச் சிராய்க்கும், அவ்வளவுதான். பயமில்லாமல் செய்ய முடிகிறது என்பதே வலியோடு இருப்பவருக்குப் பெரிய விஷயம். அழுத்தமும் தேவையில்லை, மேலே பட்டால் போதும், மிஷின் பார்த்துக்கொள்ளும். இதை ஓட்டும்போது நகம் ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மாவு அப்பிக்கொள்ளும். ஒரே இடத்தில் வைத்தால் சூடேறும்; தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். புடவை முந்தானை, துப்பட்டா, தலைமுடி எதுவும் அருகில் வரக் கூடாது. பறக்கும் நகத்தூளைச் சுவாசிக்காமல் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்க நகம் தேய்க்கும் பாத நிபுணர்களுக்கு அந்தத் தூசியால் மூச்சுக்குழாய்த் தொல்லை வருவது மருத்துவத்தில் பதிவான விஷயம். பூஞ்சை பிடித்த நகமென்றால் கவனம் இன்னும் கூட வேண்டும்.

மிஷினை மட்டும் வாங்கிவைத்துப் பயனில்லை, வேலையைப் பிரிக்கும் முறை மாற வேண்டும். கால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. கை நகத்தின் வேகத்தில் பாதி. அப்படியானால் 15 நாளில் வளர்வது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை எடுக்க வெட்டவே வேண்டாம், தேய்த்தால் போதும். இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து விரலையும் முடிக்கப் பார்ப்பதால்தான் அது முதுகை ஒடிக்கும் வேலையாகிறது. நாங்கள் ஒரு நாளைக்கு ஒரு கால் என்று வைத்துக்கொண்டோம். வலி அதிகமான நாளில் பெருவிரல் மட்டும். காலையைவிட மாலையில் என் முதுகு இளகியிருக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் இன்னும் எளிது.

உட்காரும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. முன்னால் குனிவதைவிட, கட்டிலின் ஓரத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்து காலைக் கட்டில் மேலேயே மடித்து வைத்து, முட்டியை வெளிப்பக்கம் சாய்த்தால் பாதம் கைக்கு அருகில் வருகிறது. முதுகு நேராகவே இருக்கும். முட்டி மடங்காத அம்மாவுக்கு இது ஒத்துவராது. அவருக்கு எதிரே தாழ்ந்த முக்காலி. இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் இரண்டையும் செய்ய வேண்டாம். முதல் 6 முதல் 12 வாரங்களுக்கு இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது என்று பல அறுவை மருத்துவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். அந்தக் காலத்தில் நகம் இன்னொருவர் வேலை. அறுவைக்குப் போகுமுன்பே வெட்டிக்கொண்டு போவது நல்லது.

எந்தக் கருவியானாலும் நகத்தை நேராகவே விட வேண்டும். ஓரத்தை வளைத்து உள்ளே தோண்டினால் அடுத்து வளர்வது சதையைக் குத்திக்கொண்டு வரும். விரல் நுனியோடு ஒட்ட வெட்டாமல் வெள்ளை நுனி கொஞ்சம் மிச்சமிருக்கட்டும்.

தரையில் ஒட்டும் கால் பிரஷ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். செருப்பு வடிவ ரப்பரில் அடர்ந்த மயிர்கள், அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் குமிழ்கள். சோப்பு ஊற்றிக் காலை உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் பாதம் சுத்தமாகிவிடும், குனியவே வேண்டாம். பழைய மொசைக் தரையில் அருமையாகப் பிடிக்கிறது. இப்போது குளியலறைகளில் போடும் வழுக்காத சொரசொரப்பு டைல்ஸில் குமிழ்கள் பிடிப்பதே இல்லை. அது தெரியாமல் நின்றுகொண்டு ஒரு காலைத் தூக்கினால் விழுவது நிச்சயம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் பயன்படுத்த வேண்டும்.

விரலிடுக்கைத் துடைப்பது பிரஷால் முடியாது. அங்கே ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். இதற்கு எந்தக் கம்பெனிப் பொருளும் ஈரிழைத் துண்டுக்கு இணையில்லை. நீளவாக்கில் முறுக்கி, இரண்டு முனையையும் கையில் பிடித்து, விரல்களுக்கு நடுவே கொடுத்து இழுத்தால் காய்ந்துவிடும். நீளக் குச்சிக் களிம்புப் பஞ்சும் பரவாயில்லை ரகம்தான். குதிகால் வெடிப்புக்கு யூரியா கலந்த கிரீம் தடவ உதவுகிறது. விரலிடுக்கில் தடவ வேண்டாம். தடவியவுடன் சாக்ஸ் போட்டுக்கொள்ளாமல் நடந்தால் தரை வழுக்கும்.

பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்க நீளக் கைப்பிடிக் கண்ணாடி விற்கிறார்கள். வாங்கத் தேவையில்லை. கைபேசியின் முன்பக்கக் கேமராவில் வீடியோவை ஓடவிட்டுத் தரையில் வைத்து, காலை அதன் மேல் உயர்த்திப் பிடித்தால் அடிப்பாதம் முழுக்கப் பதிவாகிவிடும். பெரிதாக்கிப் பார்க்கலாம், போன வாரத்தோடு ஒப்பிடலாம், டாக்டருக்கு அனுப்பலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன எந்தக் கருவிக்கும் முன்னால் ஒரு சோதனை இருக்கிறது: காலில் உணர்ச்சி இருக்கிறதா? இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்த எளிய முறையை வீட்டிலேயே செய்யலாம். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. ஆறு இடங்களில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். அவர் கையில் கத்தரி, இடுக்கி, மிஷின் எதையும் கொடுக்காதீர்கள். காயம் பட்டாலும் அவருக்குத் தெரியாது. வலி தெரியாத காலே புண்ணாகிறது என்பதை வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் கடந்த நூற்றாண்டின் நடுவிலேயே விளக்கிவிட்டார். அப்படிப்பட்ட கால்களுக்கென்று வந்த எம்.சி.ஆர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகள் போட்டு நடக்கிறார்கள்.

கால் உணர்ச்சியற்றவர், ரத்த ஓட்டம் குறைந்தவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், நகம் ஆட்டுக்கொம்புபோல் சுருண்டவர், நகக்கண்ணில் சிவந்து சீழ் கண்டவர் ஆகியோர் நீரிழிவுப் பாதப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை கொடுக்கவும் இயன்முறை சிகிச்சைக்கும் வீட்டுக்கு வருகிறார்கள். வரும்போது தயங்காமல் காலை நீட்டிக் காட்டுங்கள். எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள். பியூட்டி பார்லரில் பெடிக்யூர் செய்துகொள்பவர்கள் சொந்தக் கருவியைக் கொண்டுபோக வேண்டும். வீட்டிலும் ஆளுக்கொரு கருவி வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும்.

அம்மா எனக்கு வெட்டிவிடுகிறேன் என்று பலமுறை சொன்னார். வயதானவர் என் காலைப் பிடிப்பதா என்று நான் விடவில்லை. இடுக்கியைக் கையில் பிடிக்கப் பழகிய பிறகு அவரே வந்து உட்கார்ந்து, “காட்டுடா காலை, பெத்தவளுக்கு என்ன வெட்கம்?” என்றார். இப்போது தடித்த நகத்தை அவர் வெட்டுகிறார், அவருடையதை நான் மிஷினில் தேய்க்கிறேன். வலியுள்ள இரண்டு பேர் ஒருவருக்கொருவர் செய்துகொள்வதில் ஒரு வசதி இருக்கிறது: எங்கே நிறுத்த வேண்டும் என்று இருவருக்கும் தெரியும்.

ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்பவர் மிஷினை வாங்கலாம். இரண்டு என்றால் கூடவே இடுக்கி. இடுக்கியைக் கடையில் நேரில் பார்த்து வாங்குங்கள். அலகை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் கீற்று தெரியக் கூடாது. ஒரு விசிட்டிங் கார்டை மடித்து நுனியால் வெட்டிப் பாருங்கள். நசுக்காமல் சுத்தமாக அறுக்க வேண்டும். மிஷினில் உருளைகள் தேயும் என்பதால் மாற்று உருளைகள் தனியே கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.