உருமாதிரிக் கைவேலை: மலாக்காத் தமிழ்ப்பள்ளிகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

மலாக்காவின் பழமையைக் காண வரும் யாத்திரிகர் அங்கே கண்டு வியப்பவற்றுள் பல, மூலப் பொருள்கள் அல்ல, அவற்றின் மாதிரிகளே. செயின்ட் பால் குன்றின் அடிவாரத்தில் நிற்கும் சுல்தானக அரண்மனை, 1984-இல் கட்டத் தொடங்கி 1986-இல் திறந்து வைக்கப்பட்ட மரக்கட்டடம். ஆற்றங்கரையில் காட்சிசாலையாக நிற்கும் போர்த்துக்கேசியக் கப்பல், 1511-இல் சுமத்திராக் கடற்கரையருகே மூழ்கிய 'ஃப்ளோர் டி லா மார்' என்னும் கலத்தின் பிரதி. மாதிரிகளின் வாயிலாகத் தன் சரித்திரத்தைச் சொல்லும் இந்த மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பயிலும் சிறுவர்களும் அட்டை, குச்சி, பசை கொண்டு உருமாதிரிகள் செய்கிறார்கள். அப்பயிற்சி அவர்களுடைய அறிவை உண்மையில் வளர்க்கிறதா, அன்றி மேசைமேல் வைத்துப் பார்க்கும் அலங்காரத்தோடு முடிந்துவிடுகிறதா என்பதே இங்கு நம் ஆராய்ச்சிக்குரிய விஷயம்.

கைத்தொழிலையே கல்வியின் நடுநாயகமாக வைக்க வேண்டுமென்று 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் வற்புறுத்தினார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஜெர்மனியில் கல்வியாளர் ஃப்ரோபெல் மரக்கட்டைகளைக் குழந்தைகள் கையில் கொடுத்தார். மலேசியப் பாடத்திட்டமும் இதைப் புறக்கணித்ததில்லை. காட்சிக் கலைக்கல்வியில் உருவங்களைக் கட்டியெழுப்புதல் தனிப் பிரிவாகவே இருக்கிறது. 2014 முதல் நான்காம் ஆண்டு மாணவர்க்கு 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்ற பாடமும் வந்தது. ஆகவே குறை இருக்குமானால் அதைத் திட்டத்தில் அன்று, நடைமுறையில்தான் தேட வேண்டும்.

மாதிரிக்கு எடுத்துக்கொள்ளும் பொருளிலேயே அந்தக் குறை தொடங்குகிறது என்பது என் துணிபு. மலாக்காப் பிள்ளைகளுக்குக் கட்டக் கொடுக்கத் தோன்றும் முதற்பொருள் 'ஆ ஃபாமோசா' கோட்டைவாயில். 1807-இல் ஆங்கிலேயர் அக்கோட்டையை இடித்தபோது எஞ்சியது அந்த ஒரு வாயிலே. படத்தைப் பார்த்து அதை அட்டையில் வெட்டி ஒட்டும் சிறுவன் கண்ணால் கண்டதைக் கையால் நகலெடுக்கிறானேயன்றி, இடிந்துபோன மதில் எதுவரை ஓடியது, எவ்வளவு உயரம் இருந்தது என்று கேட்க அவனுக்கு அவசியமே நேர்வதில்லை. முன்னே சொன்ன அரண்மனை மாதிரியைக் கட்டியவர்களின் நிலையோ வேறு. பதினைந்தாம் நூற்றாண்டில் சுல்தான் மன்சூர் ஷா வாழ்ந்த அம்மாளிகை அழிந்து நெடுங்காலமாகிவிட்டதால், 'செஜாரா மெலாயு' என்னும் பழைய நூலின் வர்ணனையை ஆதாரமாகக் கொண்டு, சொல்லிலிருந்து அளவையும் அளவிலிருந்து உருவத்தையும் அவர்கள் வருவித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கற்பனா சக்தியும் கணக்கும் ஒருசேர உழைக்கும் இடம் இதுவே. உருமாதிரிக் கைவேலையின் உண்மையான மேன்மையும் இதுவே.

இந்த முறைக்கு ஏற்ற பொருள் தமிழ்ப்பிள்ளையின் வீட்டு நினைவுகளிலேயே இருக்கிறது. மலாயாவில் வாணிக நோக்கில் ரப்பர் முதன்முதலாகப் பயிரிடப்பட்டது 1896-இல், இதே மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில். பின்னர்ப் புக்கிட் அசகான் பெருந்தோட்டமாயிற்று. பால்மரக் காட்டுக்கு வந்து சேர்ந்த நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வரிசை வீடுகளான லயங்கள் இன்று பல இடங்களில் இல்லை. செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் அந்நிலத்தை எடுத்துக்கொண்டன. அந்த லயத்தைப் பாட்டி சொல்லச் சொல்லப் பேரன் கட்டட்டும். அறை பத்தடி என்று பாட்டி அடிக்கணக்கில் சொல்வாள்; அதைச் சுமார் மூன்று மீட்டராக மாற்றி, மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் என்று குறுக்கி, பதினைந்து சென்டிமீட்டர் அட்டையை அவன் வெட்ட வேண்டும். சமையற்கட்டு எந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் எத்தனை குடும்பத்துக்குப் பொது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை எவ்வளவு தூரம் என்று அவன் கேட்டே தீர வேண்டும். விகிதக் கணக்கும் தமிழ்ப் பேச்சும் குடும்ப சரித்திரமும் ஒரே வேலையில் அடங்கிவிடுகின்றன. லயம் வறுமையின் சின்னம், அதைப் பிள்ளை ஏன் கட்ட வேண்டும் என்று மனம் நோகும் பெற்றோரும் உண்டு. அந்த நோவை நான் மதிக்கிறேன். ஆனால் சுல்தானின் மாளிகைக்குரிய கௌரவத்தில் அணுவளவும் குறையாத கௌரவம் உழைத்தவர்களின் வீட்டுக்கும் உரியது.

இனி, நடைமுறைக் குறைகளுள் தலையாயது, வேலை பள்ளியை விட்டு வீட்டுக்குப் போய்விடுவது. மறுவாரம் கொண்டுவர வேண்டுமென்று ஆசிரியர் சொல்லியனுப்பினால், இரவு கண்விழித்து வெட்டுபவர் தந்தை, வர்ணம் பூசுபவர் தாய். காலையில் ஏந்தி வருவது மட்டுமே பிள்ளையின் வேலை. நகரத்துக் குடும்பம் வெட்டித் தயாராக விற்கும் பொருள்களைக் கடையில் வாங்கிவிடும். தோட்டத்துக் குடும்பம் பழைய காலணிப் பெட்டியோடு நிற்கும். பூச்சின் பளபளப்புக்கு மதிப்பெண் இட்டால், அங்கே அளக்கப்படுவது மாணவனின் திறமையா, தகப்பனின் பணப்பையா? நெகிழி நுரைப்பலகையும் மினுமினுப்புத் தாளும் கண்காட்சி முடிந்ததும் குப்பைக்குப் போவது வேறு ஒரு கேடு. தென்னை ஈர்க்கும் மூங்கிலும் பழைய அட்டைப்பெட்டியும் கிடைக்கிற ஊரில் நுரைப்பலகைக்கும் மினுமினுப்புத் தாளுக்கும் தேவையே இல்லை.

நேரமில்லை என்னும் ஆட்சேபம் முன்னாளில் வலுவுடையதாக இருந்தது. தேர்வு நெருங்கும் மாதங்களில் கைவேலைப் பாடவேளை வினாத்தாள் பயிற்சிக்கு இரையானதுண்டு. ஆறாம் ஆண்டு முடிவில் நடந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டபின் அந்தச் சமாதானம் செல்லாது. நேரத்தைப் போலவே ஆசிரியரின் கவனமும் இவ்வேலைக்கு வேண்டும். மாணவர் தொகை 150-க்கும் குறைந்த பள்ளிகளை நாம் பரிதாபத்தோடு நோக்குகிறோம். ஒவ்வொரு பிள்ளையின் கையையும் ஆசிரியர் அருகிருந்து காணக்கூடிய வாய்ப்பு, பெரிய பள்ளிகளுக்குக் கிட்டாமல் அவற்றுக்கே கிட்டியிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது: வேலை முழுவதும் வகுப்பறையிலேயே நடக்கட்டும், முடிந்த உருவத்துக்கு முன், அளவு குறித்த காகிதத்தையும் பிழைபட்டு மறுபடி வெட்டிய அட்டையையும் பாருங்கள், 'ஏன் இப்படிக் கட்டினாய்' என்று கேட்டு, பிள்ளை சொல்லும் விடைக்கு மதிப்பெண் கொடுங்கள். பெற்றோரே, சுவர் கோணலாக இருந்தாலும் அதைத் திருத்தக் கை நீட்டாதீர்கள்.