பொருத்துகிறவரின் சம்பளம்

பக்கவாதத்தால் விரல்கள் சரியாக மடங்காத ஒருவருக்குக் கரண்டி பிடிக்க வழி செய்யப் பெரிய செலவு வேண்டாம். இங்கே லண்டனின் மிட்சம் (Mitcham) பகுதியில், குளிரில் தண்ணீர்க் குழாய் உறையாமலிருக்கச் சுற்றும் நுரைக் குழல் எந்த வன்பொருள் கடையிலும் கிடைக்கும். அதில் அரைச் சாண் வெட்டிக் கரண்டிக் காம்பில் செருகினால் பிடி தடித்துவிடும். ஆனால் அதன் இடுக்கில் குழம்பு தங்கும், நாளடைவில் நுரை பிய்யும். மாற்றிக் கொடுக்க ஆள் இருக்கும்வரைதான் அது கருவி.

மலிவான உதவிக் கருவிகளைப் புகழும்போது நாம் பொருளின் விலையைத்தான் பேசுகிறோம். பொருத்துபவரின் உழைப்பைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இதைப் பெரும் குறையாகவே நான் கருதுகிறேன்.

ஜெய்ப்பூர்க் காலைப் பாருங்கள். 1968இல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கியது. அதுவரை கிடைத்த மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் சப்பாத்தை நம்பிச் செய்யப்பட்டது. அதோடு வயலில் இறங்குவதும் குந்துவதும் சம்மணமிடுவதும் பெரும்பாடு. ரப்பரையும் மரத்தையும் சேர்த்து அச்சில் வேகவைத்த ஜெய்ப்பூர்ப் பாதமோ பல பக்கமும் வளையும், சேற்றிலும் நனையலாம், வெறுங்காலாகவே நடக்கலாம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற மனிதருக்கு இது சின்ன விடயமா? போரில் கால் இழந்த எத்தனையோ பேரை யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் இந்தக் காலோடுதான் மீண்டும் நடக்க வைத்தது.

பாதத்தைக் குறை சொல்ல அதிகமில்லை. சிக்கல், மிஞ்சிய கால் போய் உட்காரும் குழியில். பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி அச்சின்மேல் இழுத்து விரைவாகச் செய்துவிடலாம். கால் பொருத்தும் முகாம் நடத்துபவர்களுக்கு அந்த வேகம்தான் கவர்ச்சி. ஆனால் மிஞ்சிய கால் மாதங்கள் போகப்போக மெலியும். நேற்று இறுகியிருந்த குழி தளர்ந்து, உரசிப் புண்ணாக்கும். திருத்த ஆளில்லாவிட்டால் செயற்கைக் கால் மூலைக்குப் போகும். வளரும் பிள்ளைக்கு இன்னும் சீக்கிரம். எல்லோருக்கும் ஒரே அளவில் விநியோகிக்கும் சக்கர நாற்காலியும் அப்படித்தான். உணர்வற்ற உடலில் அழுத்தப் புண்ணை உண்டாக்கி உயிருக்கே உலைவைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டி, அளவெடுத்தலையும் பயிற்சியையும் பின்கவனிப்பையும் சேவையின் பகுதியாகவே வைத்தது.

பிரித்தானியாவில் 1964இல் தொடங்கிய ரீமாப் தொண்டு நிறுவனம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. தொண்டர்கள், பலர் ஓய்வுபெற்ற பொறியாளர்கள், தேவையுள்ளவரை நேரில் பார்த்துப் பேசி, அவருக்கென்றே ஒன்றைச் செய்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் இது மனமுவந்து நேரம் தருபவர்களை நம்பிய ஏற்பாடு. ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லாத ஊரில், சம்பளமில்லாத பொறியாளரை எங்கே தேடுவது?

நாற்காலி கொடுக்கும் படம் எடுத்து அனுப்பச் சொல்லும் புலம்பெயர் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ஊருக்குப் பணம் அனுப்பும்போது கருவிக்கு மட்டும் அனுப்பாதீர்கள். அதைப் பொருத்தி, ஆறு மாதம் கழித்து வீடு தேடிப் போய்த் திருத்தும் தொழிலாளரின் ஒரு வருடச் சம்பளத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.