சுறாவின் வாய்

மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவனுக்கு வேடிக்கைக்குக் குறைவில்லை. பெயர்தான் மாட்டுச் சந்தையுடையது. 1999 முதல் அங்கே பஸ்கள்தான் கட்டிக் கிடக்கின்றன. சென்ற மாதம் வெளியே நின்ற ஒரு வேனின் மூக்கில் சுறாவின் வாயை எழுதியிருந்ததைப் பார்த்தேன். சிவந்த வாய், வெள்ளைப் பற்கள், பக்கத்துக்கு ஒரு கண்.

"எதைப் பார்த்துத் தம்பி இதை எழுதினது?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"பெயிண்டர் போன்ல ஒரு போட்டோ வச்சிருந்தாருங்கய்யா. ஏதோ சண்டை பிளேனாம்."

பெயிண்டரைக் குறை சொல்வதற்கில்லை. அசல்காரர்களும் போட்டோவைப் பார்த்துத்தான் எழுதினார்கள். 1941-ல் பர்மாவில் டவுங்கூ என்ற ஊரில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த அமெரிக்கத் தொண்டர் படை விமானிகள், வட ஆப்பிரிக்காவிலிருந்த பிரிட்டிஷ் விமானங்களின் படத்தை ஒரு பத்திரிகையில் கண்டு, தங்கள் பி-40 விமானங்களுக்கும் அதே வாயை எழுதிக்கொண்டார்கள். பிரிட்டிஷாரோ அதை ஜெர்மானியரிடம் பார்த்தவர்கள். எதிரியின் முகமூடி இப்படி இரண்டு கை மாறி வந்தது. படைக்குப் 'பறக்கும் புலிகள்' என்று பெயர் நின்றுவிட்டது. புலிக்கு ஏன் சுறாவின் வாய் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தொண்டர் என்பதும் பேச்சுக்குத்தான். விமானிக்கு மாதம் 600 டாலரும் அதற்கு மேலும் சம்பளம். வீழ்த்தும் ஒவ்வொரு ஜப்பானிய விமானத்துக்கும் 500 டாலர் வெகுமதி.

அவர்களுடைய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், இரண்டு மூன்று பாவனைகளே திரும்பத் திரும்ப வருவது தெரியும். இறக்கைமேல் சாய்ந்து நிற்பார்கள். விமானத்தின் பல்லுக்கு எதிரே தங்கள் பல்லைக் காட்டிச் சிரிப்பார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழர்களை நிறுத்தி எடுத்த படம் மாதிரி இருக்கும். முகத்தைக் காட்டும் படங்களைவிட முதுகைக் காட்டும் படங்களே எனக்கு உயர்வாகத் தோன்றுகின்றன. தோல் சட்டையின் முதுகில் ஒரு துணியைத் தைத்திருப்பார்கள். சீனக் கொடியும் சீன எழுத்தும் கொண்டது. இவன் நமக்கு உதவ வந்த அந்நியன், இவனைக் காப்பாற்றுங்கள் என்பது அதன் பொருள். வழி தெரியாத தேசத்தில் விழுந்து கிடக்கப்போகிறவனின் விண்ணப்பம் அது. முன்பக்கம் சவடால், பின்பக்கம் யாசகம். ஒரு நாவலாசிரியன் இரண்டு அத்தியாயத்தில் சொல்லப் பாடுபடுவதை ஒரு முதுகு சொல்லிவிடுகிறது.

இவற்றில் புகழ்பெற்ற படம் ஆர். டி. ஸ்மித் எடுத்தது. அவரும் விமானிதான். 1942 மே மாதம் சல்வீன் ஆற்றுப் பள்ளத்தாக்கின்மேல் தன் விமானத்தை ஓட்டிக்கொண்டே, கூட வந்த தோழர்களின் விமானங்களை வண்ணத்தில் பிடித்திருக்கிறார். கீழே மலை, நடுவானில் வரிசை குலையாத சுறாக்கள். அழகான படம், சந்தேகமில்லை. ஆனால் ஸ்மித்தின் பிரிவு அதற்கு முன் எங்கே போரிட்டது என்பதை எண்ணும்போது எனக்கு அந்த அழகு தொண்டையில் சிக்குகிறது. 1941 டிசம்பர் 23-ந் தேதியும் 25-ந் தேதியும் ரங்கூன்மேல் அவர்கள் போரிட்டார்கள். ஜனத்தொகையில் பாதிக்குமேல் இந்தியராக இருந்த நகரம் அது. தமிழர் எத்தனையோ பேர். முதல் நாள் குண்டுவீச்சிலேயே ஆயிரத்துக்குமேல் மாண்டார்கள். 1942 மார்ச் 8-ந் தேதி நகரம் விழுந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவை நோக்கி நடந்தார்கள்.

நடந்தவர்களைப் படமெடுக்க ஆளில்லாமல் இல்லை. 'லைஃப்' பத்திரிகைக்காக வந்த ஜார்ஜ் ராட்ஜர் என்ற ஆங்கிலேயர், பறக்கும் புலிகளையும் எடுத்தார். மூட்டை முடிச்சுகளோடு சாலையில் போன நம்மவர்களையும் எடுத்தார். ஒரே மனிதர், ஒரே யுத்தம். ஆனால் விமானிகள் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு. நடந்தவர்கள் வெறும் 'இந்திய அகதிகள்'. குற்றம் காமிராவுடையது அல்ல, கீழே வாசகம் எழுதியவருடையது. ராட்ஜருக்கு மனச்சாட்சி இருந்தது. 1945-ல் பெல்சன் முகாமில் பிணங்களை அழகான அமைப்பாகப் படத்துக்குள் நிரப்பிக்கொண்டிருப்பதைத் தாமே கண்டு திடுக்கிட்டு, இனி யுத்தத்தைப் படமெடுப்பதில்லை என்று விட்டுவிட்டார்.

பெயர்களைத் தேடுகிறவர் வெ. சாமிநாத சர்மாவிடம்தான் போகவேண்டும். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திய அவர் தாமே நடந்து வந்து, பர்மா வழி நடைப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். எத்தனை பேர் படித்திருக்கிறோம்? பெயிண்டரின் போனில் சுறா இருக்கிறது. சர்மாவைப் புத்தகக் கடையில் கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

என் பெரியம்மா அப்படி நடந்து வந்தவள். நான் சிறுவனாக இருக்கையில் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் வந்த சுறாவாய் விமானத்தை அவளிடம் காட்டி, "பெரியம்மா, இதைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டேன். படத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"வாயை யாருடா கண்டது? சத்தம் கேட்டதும் பிள்ளையை அணைச்சிட்டுப் பள்ளத்திலே விழுவோம். ஓரக்கண்ணால் பார்த்தால் அடிவயிறுதான் தெரியும். எல்லாத்துக்கும் ஒரே வயிறுதான். எது நம்மளது, எது அவங்களதுன்னு யாருக்குத் தெரியும்?"