பாடமும் பதிப்பும்: முகம்மது அலியின் போட்டி ஒளிநாடாக்கள்

நூலொன்றைத் திறனாய முற்படுபவர் முதலில் எழுப்பவேண்டிய வினா, தம் கையிலிருப்பது எப்பதிப்பு என்பதாகும். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய காலந்தொட்டுத் தமிழ்க் கல்வியாளர் இவ்வினாவுக்குப் பழக்கப்பட்டவர்கள். ஏடு எங்கிருந்து வந்தது, எவ்விடத்திற் செல்லரித்தது, எழுதியவன் எதனை விட்டுவிட்டான் என்பவற்றை அறியாது பாடத்தின் சுவையைப் பேசுவது துணிச்சலேயன்றித் திறனாய்வாகாது. குத்துச்சண்டை நாடாக்களுக்கு இத்துணைப் பெரிய பீடிகை ஏன் என நகைப்போர் நகைக்கட்டும். முகம்மது அலியைப் பற்றி நம்மவர் கொண்டிருக்கும் கருத்துக்களுட் பெரும்பகுதி, அவர்கள் கண்ட நாடாவிலிருந்து பிறந்த கருத்தே என்பது என் துணிபு.

இதற்குக் காலக் கணக்கே முதற் சான்று. அலியின் இறுதிப் போட்டி 1981 டிசெம்பர் 11 ஆம் நாள் பகாமாஸ் தீவுகளின் நாசோ நகரில் நடந்தது. நம் நாட்டில் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியது 1982 பெப்ரவரியில். அதற்கு முன்னர், 1979 இல் தொடங்கிய சுயாதீன ஒளிபரப்பும் கொழும்பையும் அயலையும் கடந்து எட்டவில்லை. ஆகவே அலி அலியாக விளங்கிய ஆண்டுகளில் அவரது ஆட்டத்தை வீட்டிலிருந்து கண்ட இலங்கையர் எவருமிலர். வானொலிச் செய்தியிலும் பத்திரிகைப் படத்திலும் அறிந்த ஒருவரை, அவர் களத்தை விட்டு நீங்கிய பின்னரே, வீடியோக் கசெற்றின் வாயிலாக நாம் கண்டோம். நமக்கு அலி தொடக்கத்திலிருந்தே ஒரு தொகுப்பு நூல்தான்.

என் தாய்மாமன் பாமன்கடையில் வைத்திருந்த தொகுப்பொன்றை அடியொற்றியே இதனை எழுதுகிறேன். சீ.ஆர். கொப்பியொன்றில் அலியின் தொழில்முறைப் போட்டிகள் அறுபத்தொன்றையும் வரிசை எண்ணிட்டு எழுதி, நாடா கிடைத்தவற்றுக்கு எதிரே சிவப்பு மையால் அடையாளமிடுவார். வெற்றி 56, தோல்வி 5 என்பது முகப்பில் இருந்தது. அமெரிக்காவில் பதிவாகும் நாடா இங்குள்ள ஒளிபரப்பு முறைக்கு ஒவ்வாது. சாதாரணக் கருவியில் இட்டால் படம் உருளும், நிறம் மறையும். பிரித்தானியாவிலிருந்து வருபவையோ சிக்கலின்றி ஓடும். எனவே அவரது அலுமாரியில் லண்டன் உறவினர் அனுப்பியவையே மிகுதி. ஹென்றி கூப்பரோடு அலி மோதிய இரு போட்டிகளும் அங்கு பெற்றிருந்த பெருமதிப்புக்குக் காரணம் அதுவே. பாடத் தெரிவைச் சில வேளைகளில் மின்பொறியியலும் தீர்மானிக்கிறது.

அக்கூப்பர் போட்டி நம் ஆய்வுக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1963 யூன் 18 இல், அந்நாளிற் கசியஸ் கிளே என அறியப்பட்ட அலியைக் கூப்பரின் இடக்கைக் குத்து நான்காம் சுற்றின் முடிவில் வீழ்த்தியது. அவரது பயிற்சியாளர் அஞ்சலோ டண்டி, கையுறையிலிருந்த கிழிசலைக் காட்டி நெடுநேரம் பெற்றுக்கொடுத்தார் என்பதும், அந்த நிமிடங்கள் இன்றேல் கூப்பர் வென்றிருப்பார் என்பதும் வழிவழி வந்த கதை. நாடாவைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டால், இடைவேளை வழமையிலும் சில நொடிகளே நீண்டது புலனாகும். கதையை நம்பியவர்களை நாம் எள்ளவேண்டியதில்லை. நேரிற் கண்டோர் நினைவிற் காலம் நீண்டது; நாடாவில் அது நீளவில்லை. முழுப் போட்டியையும் வெட்டாது வைத்திருக்கும் பதிப்பின் பயன் இதுவே. வீழ்ந்த காட்சியை மட்டும் காட்டும் 'சிறந்த குத்துக்கள்' வகைத் தொகுப்பில் இடைவேளை இராது. கதை மட்டும் எஞ்சும்.

அவ்வகைத் தொகுப்புகள் பற்றி என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. அவை அலிக்கு இழைக்கும் அநீதி பெரிது. 1974 ஒக்ரோபர் 30 இல் சயர் நாட்டின் கின்ஷாசாவில், முப்பத்திரண்டு வயது அலி இருபத்தைந்து வயது ஜோர்ஜ் போமனை எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். தொகுப்புகள் அவ்வெட்டாம் சுற்றின் இறுதி நொடிகளைத் தருகின்றன. ஆனால் அப்போட்டியின் பொருள் இரண்டாம் சுற்றிலிருந்து ஏழாம் சுற்றுவரை பரந்து கிடக்கிறது. கயிற்றிற் சாய்ந்து, முழங்கைகளால் முகத்தையும் விலாவையும் காத்து, எதிரியின் வலிமையை அவனே செலவிடச் செய்கிறார் அலி. இச்சுற்றுகள் சலிப்பூட்டுபவை என்பது உண்மை. அச்சலிப்பினூடாகவே போமனின் கை சிறிது சிறிதாகக் கனப்பதைக் காண்கிறோம். இதனைக் கண்டவனுக்கே, போமன் சுழன்று விழும்போது அலி ஓங்கிய வலக்கையை இறக்காது நிறுத்திக்கொண்டதன் பொருள் விளங்கும். லியோன் காஸ்ற் 1996 இல் வெளியிட்ட, ஒஸ்கார் பரிசு பெற்ற ஆவணப்படம் அப்பயணத்தின் அரசியலையும் இசையையும் சிறப்புறக் காட்டுகிறது. எனினும் அதுவும் போட்டியைச் சுருக்கியே தருகிறது. அதனை உரையாகக் கொள்ளலாமேயன்றி மூலமாகக் கொள்ளலாகாது.

மூலம் யார் கையில் இருந்தது என்பதும் கேட்கற்பாலது. 1910 இல் கறுப்பினத்தவரான ஜாக் ஜோன்சன் வெள்ளையரான ஜெப்ரீசை வென்ற படம் கண்டு அஞ்சிய அமெரிக்க ஆட்சி, 1912 இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதையே சட்டத்தால் தடுத்தது. அத்தடை 1940 வரை நீடித்தது. பின்னர் ஜிம் ஜேக்கப்ஸ், பில் கேய்ற்றன் என்னும் இருவர் பழம் போட்டிப் படங்களைத் தேடித் திரட்டிப் பெரும் களஞ்சியமாக்கினர். 1998 இல் அது ஈ.எஸ்.பி.என். நிறுவனத்தின் உடைமையாயிற்று. சுவடி தேடி அலைந்த நம் முன்னோரின் உழைப்புக்கு அவர்களது உழைப்பு இளைத்ததன்று. ஆனால் உடைமையாளர் தெரிந்து வெளியிட்டதே உலகிற்குப் பாடமாயிற்று என்பதையும் மறக்கலாகாது.

ஒலியும் ஒரு பதிப்பாசிரியனே. 1971 மார்ச் 8 இல் ஜோ பிறேசியரிடம் அலி தோற்ற போட்டியை மாமா ஒலியை அடைத்தே பார்ப்பார். வர்ணனையாளர் சொல்வதையே கண்ணும் காணும் என்பது அவர் கட்சி. மூன்று நடுவரும் பிறேசியருக்கே வெற்றி அளித்தனர். ஆயினும் ஒருவர் 8-6 என்றும் மற்றொருவர் 11-4 என்றும் கணித்தனர். அருகிலிருந்து கண்ட கண்களுக்கே இத்துணை வேறுபாடு! பதினைந்தாம் சுற்றில் அலி மல்லாந்து விழும் இடத்தில் நாடா தேய்ந்து வெண்கோடுகள் ஓடின. பன்முறை பின்னோட்டிப் பார்த்த இடமே முதலில் அழிகிறது.

1983 யூலையில் அவ்வலுமாரி வீட்டோடு எரிந்தது. கொப்பி அன்று நண்பரொருவரிடம் இரவலாக இருந்தமையால் தப்பியது. தொண்ணூறுகளில் மாமா மீண்டும் சேர்க்கத் தொடங்கினார். இம்முறை அடையாளங்கள் நீல மையில். இரு நிறங்களையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு கண்ணிற் படும். அறுபதாம் எண், 1980 ஒக்ரோபர் 2 இல் லறி ஹோம்ஸ் அலியை வதைத்த போட்டி. பதினோராம் சுற்றுக்கு டண்டி அவரை எழவிடவில்லை. அவ்வெண்ணுக்கு எதிரே சிவப்பு அடையாளம் உண்டு, நீலம் இல்லை. இரண்டாம் தொகுப்பு 1978 இல் அலி மூன்றாம் முறை பட்டம் வென்ற ஐம்பத்தொன்பதாம் போட்டியோடு நிற்கிறது. நாடா கிடைக்காமையன்று காரணம். அந்நாளில் அது எளிதிற் கிடைத்தது.

பதிப்பு நெறிப்படி இது பிழை. தாம் விரும்பாத செய்யுளை நீக்கும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை. ஹோம்ஸ் போட்டியின்றி அலியின் பிற்கால நோயின் தொடக்கத்தையும், அவரைக் களத்திற்கு அனுப்பிய வணிகத்தின் கொடுமையையும் அறியவியலாது. இதனை மாமாவிடம் ஒருமுறை வாதித்தேன். "நீ ஆராய்ச்சி செய்யிறாய். நான் வீட்டில வைச்சிருக்கிறன்" என்றார். எரிந்த வீட்டின் இடத்தில் மீண்டும் எழுப்பிய அறையிலிருந்து சொன்ன சொல் அது. நெறியை நான் கைவிடவில்லை, மேலும் வாதிக்கவுமில்லை.

கொப்பியின் பின்னட்டையில் எண்ணின்றி ஒரு குறிப்பு உள்ளது: 'சென்னை, 1980, ஜிம்மி எல்லிஸ்.' அவ்வாண்டின் தொடக்கத்தில் நேரு விளையாட்டரங்கில் அலி ஆடிய காட்சிப் போட்டி அது. தொழில்முறைக் கணக்கில் அது சேராது; ஆதலின் எந்தப் போட்டித் தொகுப்பிலும் அதற்கு உரிய எண் இல்லை. தமிழர் திரளாக இருந்து தம் கண்ணாற் கண்ட அலி அவர் ஒருவரே. அக்குறிப்புக்கு எதிரே சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை.