வலையொலியா, வாசிப்பொலியா?

ஆசிரியர் பட்டறை எதற்குப் போனாலும் இப்போது 'வலையொலி' என்ற சொல் காதில் விழாமல் இருப்பதில்லை. மாணவர்களே தயாரிக்கலாம், கைப்பேசி ஒன்று இருந்தால் போதும், 21ஆம் நூற்றாண்டுக் கற்றலுக்கும் பொருந்தும் என்று அடுக்கிச் சொல்கிறார்கள். நானும் ஜோகூரில் என் படிவம் 4 வகுப்பில் இரண்டு ஆண்டுகள் செய்து பார்த்துவிட்டேன். பலன் இருக்கிறது. ஆனா நாம செய்யுற முறையில ஒரு பெரிய ஓட்டை இருக்கு. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை. முதல் தவறு என்னுடையதுதான்.

முதல் ஆண்டு 'தோட்டப்புற வாழ்க்கை' என்ற தலைப்பைக் கொடுத்தேன். மாணவர்கள் குழுவாகக் கட்டுரை எழுதினார்கள். நான் சிவப்பு மையால் திருத்தினேன். அதைப் பதிவு செய்து, பின்னணி இசை சேர்த்து, 'வணக்கம் நேயர்களே' என்று தொடங்கி அனுப்பினார்கள். கேட்க நன்றாக இருந்தது. பேச்சுத்திறனுக்குத் தாராளமாக நல்ல ஆற்றல் நிலை கொடுத்தேன்.

பள்ளி விடுமுறையில் அந்தப் பதிவுகளை மறுபடி கேட்டபோதுதான் உறைத்தது. எல்லாப் பதிவிலும் 'தோட்டத் தொழிலாளர்கள் பல இன்னல்களை எதிர்நோக்கினர்' என்ற வாக்கியம், கொஞ்சம் மாறி மாறி வந்தது. பயிற்சி நூலில் இருக்கும் அதே வாக்கியம். குரல்தான் வேறு வேறு. யாருமே பேசவில்லை, எல்லாரும் வாசித்திருக்கிறார்கள். அது வலையொலி இல்லை, வாசிப்பொலி.

கே.எஸ்.எஸ்.எம். தமிழ்மொழிக் கலைத்திட்டத்தில் கேட்டல், பேச்சு என்பது ஒரு திறன். வாசிப்பு இன்னொரு திறன். நான் வாசிப்பைக் கேட்டுவிட்டுப் பேச்சுக்கு மதிப்பீடு கொடுத்திருக்கிறேன். சரி, கேட்டலாவது நடந்ததா? அதுவும் இல்லை. பதிவை அனுப்பியதோடு வேலை முடிந்தது. ஒரு குழுவின் பதிவை இன்னொரு குழு கேட்கவே இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? யோசித்துப் பார்த்தால், நமக்குப் பேச்சுத்தமிழ் மேல் ஒரு பயம் இருக்கிறது. மாணவன் வாயைத் திறந்தால் மலாயும் ஆங்கிலமும் கலந்து வரும், கொச்சை வரும், பிழை வரும் என்று நினைக்கிறோம். அதனால் எழுதிக் கொடுத்து, திருத்தி, வாசிக்க வைத்துவிடுகிறோம். பிழை வராது. பேச்சும் வராது.

நம் ஊரிலிருந்து பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே 2005-இல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கொச்சையை அல்ல, படித்தவர்கள் தங்களுக்குள் இயல்பாகப் பேசும் நல்ல பேச்சுத்தமிழை. அவர்கள் நிலைமை வேறு, நம் நிலைமை வேறு. தமிழ்ப்பள்ளிகள் நம்மிடம் இருக்கின்றன, எழுத்துத்தமிழ் நம் மாணவர்களுக்கு இன்னும் பழக்கமாகவே இருக்கிறது. அப்படியே காப்பியடிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஜோகூர் பாருவில் வானொலியைத் திருப்பினால் மின்னல் எப்.எம்.மும் கேட்கும், ஒலி 96.8-உம் கேட்கும். செய்தி வாசிப்பவர் ஒரு தமிழ் பேசுகிறார், நேயரோடு உரையாடும் அறிவிப்பாளர் இன்னொரு தமிழ் பேசுகிறார். எந்த இடத்தில் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் மாணவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டு முறையை மாற்றினேன். தலைப்பு அதேதான். ஆனா எழுதிய பனுவல் கூடாது. ஐந்து கேள்விகள் மட்டும் எழுதிக்கொள்ளலாம். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள பெரியவர் ஒருவரிடம் அனுமதி கேட்டுப் பேட்டி எடுக்க வேண்டும். நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இசை வேண்டாம்.

வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவி தன் பாட்டியைப் பேட்டி எடுத்து வந்தார். பாட்டி குளுவாங் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "காலையில நாலு மணிக்கே எந்திரிச்சிருவோம், பெரட்டுக்குப் போவணும்" என்று ஆரம்பிக்கிறார். மங்கு, காண்டா வாளி, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை என்று சொற்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆள்கணக்கு எடுத்து வேலை பிரித்துக் கொடுப்பது. மங்கு என்றால் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம். வகுப்பில் பாதிப் பேருக்கு இவை தெரியாது. முதல் ஆண்டுக் கட்டுரைகளில் இவற்றில் ஒரு சொல்கூட வரவில்லை.

அந்தப் பதிவில் ஓர் இடம். பாட்டி, "அஞ்சாவது படிக்கும்போதே அப்பா நிறுத்திட்டாரு, தம்பிய பார்த்துக்க ஆளில்ல" என்கிறார். மாணவி உடனே, "நன்றி பாட்டி. அடுத்த கேள்வி" என்கிறார். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பின்னால் இருந்து ஒரு மாணவன், "ஏன் அத பத்தி கேக்கல?" என்றான். அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் யாரும் சொல்லாமலே இரண்டாவது பதிவு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் பாட்டியும் பேத்தியும் பேசுகிறார்கள். கேள்வித்தாள் கையில் இல்லை. கேட்டல் திறன் என்று நாம் குறிப்பேட்டில் எழுதுவது இதுதானே.

'இதெல்லாம் நல்லா இருக்கு சார், எஸ்.பி.எம்.முக்கு என்ன பயன்?' என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதிவில் ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்து, பேசியதைப் பேசியபடியே எழுதச் சொன்னேன். பிறகு அதை எழுத்துத்தமிழுக்கு மாற்றினார்கள்: 'காலையில் நான்கு மணிக்கே எழுந்துவிடுவோம், பெரட்டுக்குப் போக வேண்டும்.' அடுத்து அயற்கூற்று: 'தாங்கள் காலையில் நான்கு மணிக்கே எழுந்துவிடுவார்கள் என்றும் பெரட்டுக்குப் போக வேண்டும் என்றும் பாட்டி கூறினார்.' பயிற்சி நூலில் 'இன்று – அன்று, நாளை – மறுநாள்' என்று மனனம் செய்த விதி, பாட்டியின் வாக்கியத்தில் செய்யும்போது எளிதாகப் பிடிபட்டது. கட்டுரையில் 'பல இன்னல்களை எதிர்நோக்கினர்' என்பதற்குப் பதிலாக நாலு மணியும் பெரட்டும் வந்தால், திருத்துகிற ஆசிரியருக்கும் அந்த வரி கண்ணில் படும்.

உச்சரிப்புக்கும் பயன் உண்டு. 'பளம்' என்று தான் சொல்வதைத் தன் காதாலேயே கேட்ட மாணவன், நான் சொல்லாமலே திரும்பத் திரும்பப் பதிவு செய்தான். நான் நூறு தடவை 'ழ' சொல்லிக் கொடுத்தும் நடக்காதது அது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர முடியாது, பதிவு வீட்டில்தான். சிலருக்கு அப்பாவின் கைப்பேசிதான் கதி. அப்பா சிங்கப்பூரில் வேலை முடிந்து பாலத்து நெரிசலில் நின்று வீடு சேரும்போது இரவாகிவிடும். ஆகவே இரண்டு வாரமாவது தவணை கொடுங்கள். ஒலித்தரத்துக்கும் இசைக்கும் மதிப்பீடு கொடுத்தால் வசதி உள்ள மாணவன்தான் முன்னால் நிற்பான். பதிவுகளைப் பொதுவில் ஏற்றுவதிலும் அவசரம் வேண்டாம். பாட்டி சொன்னது பேத்திக்காகச் சொன்னது. பேசினவர் சம்மதமும் பெற்றோர் சம்மதமும் இல்லாமல் வகுப்பைத் தாண்டக் கூடாது. நேரமும் பிடிக்கும். முப்பது மாணவர் உள்ள வகுப்பில் எல்லாப் பதிவையும் சேர்ந்து கேட்க முடியாது. குழுவுக்கு ஒன்று போதும்.

2022-இல் பிடி3 நீக்கப்பட்ட பிறகு கீழ்ப்படிவங்களில் வகுப்புசார் மதிப்பீட்டுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அடுத்த முறை வலையொலி கொடுக்கும் ஆசிரியர்கள், பதிவு வந்ததும் மாணவனிடம் பனுவல் இல்லாமல் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் பேச்சுக்கு மதிப்பீடு கொடுங்கள். வரவில்லை என்றால், என்னைப் போல நீங்களும் வாசிப்புக்குத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.